மண் பேசனைப் பாருங்கள்

வணக்கம். புதிதாகப் பூனை வளர்ப்பவர்களுக்கு நாலு வார்த்தை பேச வாருங்கள் என்று நிலையத்தார் அழைத்ததைச் சொன்னதும் என் மனைவி சிரித்துவிட்டார். "உங்களையா கூப்பிட்டிருக்காங்க? கடுவன் சாகக் கிடந்த கதையையும் சொல்லுங்க." சொல்லத்தான் போகிறேன்.

மட்டக்களப்பில் பூனையை யார் காசு கொடுத்து வாங்குகிறோம்? மாரி மழைக்கு விறாந்தையில் ஒதுங்கும், அப்புறம் நம் வீட்டுப் பிள்ளையாகிவிடும். பக்கத்து வீட்டில் குட்டி கேட்டு எடுப்பதானால் 8 கிழமையாவது தாயோடு இருக்கவிடுங்கள். கொண்டுவந்ததும் நாம் செய்யும் முதல் வேலை, கோப்பையில் பசுப்பால் ஊற்றி வைப்பது. ஆசையாகக் குடிக்கும். மறுநாள் வயிற்றால் போகும். தாய்ப்பால் மறந்த பூனைகளில் அநேகமானவற்றுக்குப் பாலிலுள்ள சர்க்கரை செரிப்பதில்லை. தண்ணீர் வையுங்கள், அது போதும்.

மீனுக்கு நம் ஊரில் குறைவில்லை. சூடையோ கீரியோ, உப்பு, தூள், வெங்காயம் எதுவும் போடாமல் அவித்து, முள்ளெடுத்துக் கொடுங்கள். சில மீன்களில் உயிர்ச்சத்து பி1-ஐ அழிக்கும் பொருள் ஒன்று உண்டு; அவித்தால் அது போய்விடும். ஆணத்தில் பிசைந்த சோறு வேண்டாம், வெங்காயமும் உள்ளியும் பூனையின் இரத்தத்தைக் கெடுக்கும். மீன் மட்டுமே போட்டாலும் சரிவராது. இடையிடையே கோழியிறைச்சி, முடிந்தால் கடையில் விற்கும் பூனைத் தீனி. நாய்த் தீனி பூனைக்கு ஆகாது.

இனி மண் பேசன். பழைய பிளாஸ்டிக் பேசன் ஒன்றில் மூன்று விரல் உயரத்துக்கு மணல் போட்டு, சாப்பாட்டுத் தட்டுக்கு எட்டத்தில் ஒரு மூலையில் வையுங்கள். கல்லடியில் இருப்பவனுக்கு மணலுக்கா பஞ்சம்! மலத்தை அன்றன்றே அள்ளிவிடுங்கள். அதில் வரக்கூடிய ஒரு கிருமி வெளியே ஒரு நாளாவது கிடந்த பிறகுதான் ஆளுக்குத் தொற்றும். வீட்டில் பிள்ளைத்தாய்ச்சி இருந்தால் அந்த வேலையை வேறு யாராவது செய்யட்டும்.

அள்ளும்போது பார்க்கவும் வேண்டும். என் கடுவன் ஒரு நாள் காலையில் ஐந்தாறு தடவை பேசனில் போய்க் குந்தினான். முக்கினான், முனகினான், எழுந்து தன்னையே நக்கினான். மலச்சிக்கல் என்று நினைத்து நான் தேங்காயெண்ணெய் பருக்கினேன். மணலோ காய்ந்தபடி கிடந்தது, ஒரு சொட்டு ஈரமில்லை. இரவு வாந்தி. விடிந்ததும் மிருக வைத்தியரிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன். சிறுநீர் அடைத்திருந்தது. குழாய் விட்டு எடுத்தார். "இன்னும் ஒரு நாள் பிந்தியிருந்தால் கஷ்டம்" என்றார். கடுவனுக்குச் சிறுநீர்ப் பாதை மிக ஒடுக்கம்; அடைத்தால் ஓரிரு நாளில் உயிர் போகும். பூனை நோவைக் காட்டிக்கொள்ளாது. ஆனால் மணல் காட்டிக்கொடுக்கும், பார்க்கத் தெரியாதவன் நான்தான்.

காய்ச்சல் போலத் தெரிந்தால் நம் கை உடனே பனடோலுக்குப் போகும். வேண்டவே வேண்டாம். அதை முறிக்கும் சக்தி பூனையின் ஈரலுக்குப் போதாது, அரைக் குளிசையே கொல்லும். நாய்க்கு வாங்கிய உண்ணி மருந்தையும் பூனையில் தடவாதீர்கள். அவற்றில் சில பூனைக்கு நஞ்சு.

பெட்டைக் குட்டி நாலு மாதத்திலேயே கடுவனைத் தேடத் தொடங்கலாம். சினைப்பட்டால் ஒன்பது கிழமையில் குட்டி. பிறகு அந்தக் குட்டிகளைச் சாக்கில் கட்டிச் சந்தையடியில் விடுகிறோமே, அந்தப் பாவம் நமக்கு எதற்கு? நேரத்தோடு கருத்தடை செய்துவிடுங்கள்.

நீர்வெறுப்பு நோய் நாய்க்கு மட்டும் வருவதல்ல. மூன்று மாதத்தில் பூனைக்கும் ஊசி போடுங்கள், பிறகு வைத்தியர் சொல்லும் தவணைக்குப் போடுங்கள். தெரியாத பூனை கடித்தாலோ பிராண்டினாலோ மஞ்சள் வைத்துக் கட்டிக்கொண்டு இருக்காதீர்கள். குழாயைத் திறந்து, சவர்க்காரம் போட்டு, 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.