பதவி தீர்மானமாகும் அறை

(மட்டக்களப்பில் முகாமைத்துவ மாணவர்களுக்கும் உள்ளூர் வணிகர்களுக்கும் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, விரிவுரையாளர்களே, வணிகப் பெருமக்களே, மாணவ மாணவியரே,

பெருங்கம்பனிகளின் உயர்பதவிகளில் ஏன் ஓரினத்தவரே நிறைந்திருக்கிறார்கள் என்று கேட்டால், மற்றவர்களுக்கு இன்னும் தலைமைத்துவப் பயிற்சி போதவில்லை என்ற பதிலே பெரும்பாலும் கிடைக்கிறது. பயிற்சி வேண்டாமென்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் பதவி தீர்மானமாகும் அறைக்குள் ஒருவருக்காக வாய் திறக்க ஆளில்லாதபோது, அவர் கைநிறையச் சான்றிதழ் வைத்திருந்தும் வெளியே காத்திருக்க வேண்டியதுதான்.

ஐக்கிய அமெரிக்காவில் வேலைவாய்ப்பில் இனப் பாகுபாட்டைத் தடைசெய்த குடியியல் உரிமைச் சட்டம் 1964 இல் வந்தது. வருமானத்தில் முன்னணியிலுள்ள 500 அமெரிக்கக் கம்பனிகளைக் கொண்ட ஃபார்ச்சூன் 500 பட்டியலிலுள்ள கம்பனியொன்றுக்குக் கறுப்பினப் பெண்ணொருவர் முதன்முதலாகப் பிரதம நிறைவேற்று அதிகாரியானது 2009 இல். அவர் நகலெடுக்கும் இயந்திரங்களுக்குப் பெயர்பெற்ற செரொக்ஸ் நிறுவனத்தின் அர்சுலா பேர்ண்ஸ். நியூயோர்க்கின் வறிய குடியிருப்பொன்றில் தாயின் தனி உழைப்பில் வளர்ந்து, இயந்திரப் பொறியியல் படித்து, 1980 இல் கோடைகாலப் பயிலுநராக அந்நிறுவனத்தில் நுழைந்தவர். பல இனத்தவரையும் சேர்த்தால் தரம் குறையாதா என்று ஒரு கூட்டத்தில் எழுந்த கேள்விக்கு, மூத்த அதிகாரியான வேலண்ட் ஹிக்ஸ் போதிய அழுத்தத்துடன் பதிலளிக்கவில்லை என்று அவரிடமே முகத்துக்கு நேரே சொன்னார் பேர்ண்ஸ். நம்மூர்க் கந்தோர்கள் சிலவற்றில் இப்படிப் பேசியிருந்தால் அடுத்த மாதமே இடமாற்றக் கடிதம் வந்திருக்கும்! ஹிக்ஸோ சிறிது காலத்தில் அவரைத் தம் நிறைவேற்று உதவியாளராக்கினார். பின்னர் நிறுவனத் தலைவர் போல் அலேயரின் உதவியாளராகவும் அவர் பணியாற்றினார். வெளிப்பார்வைக்குப் பை தூக்கும் வேலைபோலத் தோன்றும் இத்தகைய பதவியிலிருந்துதான், எந்தப் பிரிவுக்குப் பணம் போகிறது, யாருடைய பெயர் எந்தப் பொறுப்புக்கு முன்மொழியப்படுகிறது என்பதையெல்லாம் அருகிருந்து பார்க்க முடிகிறது.

ஹார்வர்ட் வணிகப் பள்ளியின் டேவிட் தோமஸ் மூன்று அமெரிக்கப் பெருநிறுவனங்களை ஆராய்ந்து 2001 இல் வெளியிட்ட கட்டுரை இதைப் பொதுவாக விளக்குகிறது. திறமையான வெள்ளையர்கள் தொடக்கத்திலேயே இனங்காணப்பட்டு விரைவாக மேலேறினார்கள். சிறுபான்மையினரோ இடைநிலை முகாமைத்துவத்தை எட்டிய பின்னரே வேகம் பெற்றார்கள். அதுவரை சோர்ந்துபோகாமல் நிலைத்தவர்களுக்கு, திறமையை வளர்த்ததோடு விமர்சனம் வரும்போது பக்கத்தில் நின்றும் பேசிய வழிகாட்டிகள் வாய்த்திருந்தார்கள். சோர்ந்து விலகியவர்களின் திறமை எந்தக் கணக்கேட்டிலும் நட்டமாகப் பதியப்படுவதில்லை.

பிரித்தானியாவில் 2017 இன் பார்க்கர் அறிக்கை, லண்டன் பங்குச்சந்தையின் மிகப்பெரிய நூறான எஃப்.டி.எஸ்.இ. 100 கம்பனிகள் ஒவ்வொன்றின் பணிப்பாளர் சபையிலும் 2021 இற்குள் சிறுபான்மை இனத்தவர் ஒருவரேனும் இருக்க வேண்டுமென்று பரிந்துரைத்தது. நல்லதுதான். ஆயினும் கூட்டத்துக்கு மட்டும் வந்துபோகும் பணிப்பாளரும், இலாபநட்டப் பொறுப்பைச் சுமந்து கம்பனியை அன்றாடம் நடத்தும் அதிகாரியும் ஒரே எடையுள்ளவர்கள் அல்லர்.

அமெரிக்காவில் அடிமை முறையின் வரலாறு. இங்கே மொழியும் போரும். இரண்டையும் ஒன்றென்று சொல்ல மாட்டேன். ஆனால் ஏணி எந்தப் படியில் நின்றுவிடுகிறது என்பதில் ஒற்றுமை உண்டு. உழவு இயந்திரத்துக்கு லீசிங் கொடுக்கும் கிளையொன்றை எண்ணிப் பாருங்கள். படுவான்கரையில் எந்த வயலில் வெள்ளம் நின்றது, பெரும்போக அறுவடைக்குப் பின் யாரால் தவணை கட்ட முடியும் என்பது களத்துக்குப் போகும் தமிழ் இளைஞனுக்கே தெரியும். அவன் சொன்னது ஆங்கில அறிக்கையாகி, வேறொருவர் கையெழுத்தோடு கொழும்புக்குப் போகிறது. பதவியுயர்வைப் பேசும் மேசையில் அந்தக் கையெழுத்துத்தான் அறிமுகமாகிறது. அவனுக்கு இன்னொரு செயலமர்வு நடத்துவதைவிட, அறிக்கையை அவனே எழுதி, தலைமையகத்தில் அவனே முன்வைக்க விடுவது பயன் தரும். ஆங்கிலம் தடுமாறினால் தடுமாறட்டும், இரண்டாவது அறிக்கையில் திருந்திவிடும்.

மாணவர்களே, நேர்முகத்தில் உங்கள் முறை வரும்போது, இந்தக் கிளையிலிருந்து தலைமையகப் பொறுப்புக்குப் போனவர்கள் யார் என்று தயங்காமல் கேளுங்கள்.

வணிகப் பெருமக்களிடமும் ஒன்று கேட்க வேண்டும். கொழும்பைக் குறைகூறும் நமது கடைகளிலும் ஆலைகளிலும் தொண்டு நிறுவனங்களிலும் முஸ்லிம்களுக்கும், பறங்கியருக்கும், மலையகத்திலிருந்து வந்து குடியேறியவர்களுக்கும் முகாமையாளர் நாற்காலி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது? அடுத்த வெற்றிடம் விழும்போது விளம்பரம் போடப் போகிறீர்களா, மைத்துனரின் மகனுக்குத் தொலைபேசி எடுக்கப் போகிறீர்களா?