மல்லியும் மணியும்

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம். நான் சேலம் அம்மாப்பேட்டையில் பிறந்தவள். நர்ஸ் வேலைக்காக இங்கிலாந்து போய், மெர்சி ஆற்றங்கரையில் ஒரு மருத்துவமனையில் 19 வருடம் இருந்துவிட்டு, இப்போது ஏற்காடு அடிவாரத்தில் குடியிருக்கிறேன். உதவி நாய்களைப் பற்றிப் பேசச் சொல்லி அழைத்தார்கள். நாயைப் பற்றிச் சொல்வேன். ஆனால் அதைவிட அதிகமாக, அந்த நாயை உருவாக்க ஊர் கூடிக் காசு சேர்ப்பதைப் பற்றித்தான் சொல்ல வந்திருக்கிறேன்.

உதவி நாய் என்றால் பார்வை இல்லாதவரைத் தெருவில் நடத்திக்கொண்டு போகும் நாய்தான் முதலில் நினைவுக்கு வரும். அது மட்டும் இல்லை. காது கேளாத தாய்க்குக் குழந்தை அழுவதை வந்து தொட்டுச் சொல்லும் நாய் உண்டு. சக்கர நாற்காலியில் இருப்பவருக்குக் கீழே விழுந்த சாவியை, செல்போனைக் கவ்வி எடுத்து மடியில் வைக்கும் நாய் உண்டு.

வழிகாட்டி நாய் சிக்னல் பார்த்து ரோட்டைக் கடக்கும் என்று பலர் நம்புகிறார்கள். அப்படி இல்லை. போகிற வழி மனிதருக்குத்தான் தெரியும். 'போ' என்று அவர்தான் சொல்வார். பள்ளம், கம்பம், படிக்கட்டு இவற்றைக் கவனிப்பது நாயின் வேலை. 'போ' என்று சொன்ன பிறகும் எதிரே வண்டி வந்தால் அது நகரக் கூடாது. சொல்பேச்சுக் கேட்கவும் வேண்டும், கேட்கக் கூடாத நேரத்தில் மறுக்கவும் வேண்டும். நம் வீட்டுப் பிள்ளைகளுக்கே இதைச் சொல்லிக்கொடுக்க எத்தனை வருடம் ஆகிறது, யோசித்துப் பாருங்கள்.

நாய்க்கு ஏறக்குறைய 2 வருடம் ஆகிறது. குட்டி பிறந்து 8 வாரம் போல ஆனதும் ஒரு தன்னார்வலர் வீட்டுக்குப் போகும். அங்கே ஒரு வருடத்துக்கு மேல் வளரும். அப்புறம் பயிற்சியாளர்களிடம் பல மாதம். அதற்கப்புறம் யாருக்குப் போகிறதோ அவரோடு சேர்ந்து சில வாரம். இத்தனைக்கும் சாப்பாடு, தடுப்பூசி, பயிற்சியாளர் சம்பளம் எல்லாம் இருக்கிறது. இந்தச் செலவை நாயைப் பெறுகிறவர் தலையில் கட்டினால் யாரால் வாங்க முடியும்? அமெரிக்காவில் 1929இல் தொடங்கிய 'சீயிங் ஐ' என்ற வழிகாட்டி நாய்ப் பள்ளியில், முதல் நாய்க்கு அதைப் பெறுபவர் தருவது 150 டாலர். 1934இல் இருந்து அந்தத் தொகையை அவர்கள் ஏற்றவே இல்லை. மீதியை மற்றவர்கள் தருகிறார்கள். அந்த 150 டாலரையும் ஏன் வாங்குகிறார்கள் தெரியுமா? இது பிச்சை இல்லை, என் பணத்தில் வாங்கிய நாய் என்று அவர் சொல்லிக்கொள்ள வேண்டும், அதற்காக. இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்பவும் இதற்கே வருவேன்.

நான் வேலை பார்த்த இடத்துக்குப் பக்கத்தில்தான் வாலசி என்ற ஊர். லிவர்பூலுக்கு அக்கரை. 1931இல், மூரியல் குரூக், ரோசமண்ட் பாண்ட் என்ற இரண்டு பெண்களின் முயற்சியால், பிரிட்டனின் முதல் நான்கு வழிகாட்டி நாய்கள் அங்கேதான் பயிற்சி பெற்றன. ஃபிளாஷ், ஜூடி, மெட்டா, ஃபோலி என்று பெயர். நான்கும் அல்சேஷன். தொடங்கிய இடம் கார் நிறுத்துகிற ஒரு ஷெட். 1964இல் பிபிசி சிறுவர் நிகழ்ச்சி ஒன்றில் கேட்டுக்கொண்டதும், அந்த நாட்டுப் பிள்ளைகள் பால் பாட்டிலின் அலுமினிய மூடியையும், வெள்ளித்தாள் என்று சொல்லும் அலுமினியத் தாளையும் மூட்டை மூட்டையாகச் சேர்த்து அனுப்பினார்கள். அதை விற்ற காசில் வழிகாட்டி நாய்களை வாங்கினார்கள். செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருப்பவர்களுக்கு இது உடனே புரியும். பட்டறையைக் கூட்டிய குப்பையில்கூட வெள்ளி இருக்கிறது, அதைத் தூக்கி எறிய மாட்டோம் இல்லையா?

சரி, எங்கள் வார்டு கதைக்கு வருகிறேன். அங்கே வழிகாட்டி நாய் அமைப்புக்குப் பெரிய தொகை சேர்த்துத் தரும் குழுவுக்கு, ஒரு குட்டிக்குப் பெயர் வைக்கும் உரிமை கொடுப்பார்கள். நாங்கள் ஒரு தகர டப்பாவை அலமாரியில் வைத்தோம். வெள்ளிக்கிழமைதோறும் யாராவது கேக் செய்து வருவார்கள், ஒரு துண்டு 50 பென்ஸ். என் முறை வந்தால் மெதுவடை. பத்து நிமிடத்தில் தட்டு காலியாகிவிடும். பெரிய பணம் யாரும் போடவில்லை. வார்டு கூட்டுகிற அம்மாவிலிருந்து டாக்டர் வரை எல்லோரும் சில்லறைதான் போட்டார்கள். இரண்டரை வருடத்தில் தொகை சேர்ந்துவிட்டது.

அடுத்து, பெயர். மூன்று நாள் டீ நேரம் முழுக்க இதே பேச்சு. பாதிப் பேர் லிவர்பூல் அணி, பாதிப் பேர் எவர்ட்டன் அணி, அதனால் கால்பந்து வீரர் பெயர் எதுவும் எடுபடவில்லை. நான் 'மணி' என்று வைக்கலாம் என்றேன். எங்கள் ஊரில் தெருவுக்கு ஒரு மணி உண்டு, கூப்பிட்டால் ஓடி வரும் என்றேன். எல்லோரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். அவர்கள் காதுக்கு அது ஆங்கில 'மணி', அதாவது காசு என்று கேட்கிறது. காசு சேர்த்த நாய்க்குக் காசு என்றே பெயர், பொருத்தம்தானே என்றார்கள். எங்கள் மூத்த சிஸ்டர் மட்டும் சிரிக்கவில்லை. "ஒரு பார்வையற்ற மனிதர் பூங்காவில் நின்று 'காசு, காசு' என்று கத்திக் கூப்பிடுவார். கேட்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்?" என்றார். அறையில் யாரும் பேசவில்லை. எனக்கு அன்றைக்கு உறைத்தது. நாம் கொடுப்பவர்கள், அதனால் நம் சந்தோஷத்தை மட்டும் பார்க்கிறோம். தெருவில் நின்று அந்தப் பெயரைக் கூப்பிடப் போகிறவர் வேறு ஒருவர்.

அப்புறம் 'மல்லி' என்று வைத்தோம். வெள்ளை நிறத்தில் லேப்ரடார் பெட்டைக்குட்டி. மாதாமாதம் போட்டோவும் கடிதமும் வரும், அறிவிப்புப் பலகையில் ஒட்டுவோம். மல்லி லிஃப்டில் ஏறியது, மல்லி ரயிலில் போனது. ஒரு நாள் வேறு மாதிரி கடிதம் வந்தது. லாரி பிரேக் காற்று விடும் சத்தத்துக்கு மல்லி பயப்படுகிறது, எவ்வளவு பழக்கியும் போகவில்லை, அதனால் வழிகாட்டி வேலைக்கு எடுக்கவில்லை என்று. புதிதாகச் சேர்ந்த நர்ஸ் பெண் அழுதேவிட்டாள். நம் காசு போச்சே என்றார் இன்னொருவர். காசு போகவில்லை, நேயர்களே. எல்லாக் குட்டியும் தேறாது என்று தெரிந்துதான் இந்த வேலையைச் செய்கிறார்கள். மல்லியைப் பார்வைக் குறைவுள்ள ஒரு சிறுமியின் வீட்டுக்குத் துணையாக அனுப்பினார்கள். வீட்டை விட்டு வெளியே வராத பிள்ளை, மல்லிக்குத் தினமும் முடி சீவிவிடத் தோட்டத்துக்கு வருகிறாள் என்று தாயார் எழுதியிருந்தார். அந்தக் கடிதம் நான் ஊர் திரும்பும்வரை பலகையில் இருந்தது.

இப்போது சேலம். அடிவாரத்தில் காலை நடை போகிற நாங்கள் 34 பேர் சேர்ந்திருக்கிறோம். ஆளுக்கு மாதம் 200 ரூபாய். ஆரம்பிக்கும் முன்னால் யாருக்கு என்ன வேண்டும் என்று போய்க் கேட்டோம். பார்வை இல்லாத ஆசிரியர் ஒருவர், "தெருநாய்கள் சூழ்ந்துகொண்டால் உங்கள் நாயை நான் காப்பாற்ற வேண்டியிருக்கும், எனக்கு வெள்ளைக்கோல் போதும்மா" என்றார். அவர் சொன்னது நியாயம். தசை பலவீனத்தால் சக்கர நாற்காலியில் இருக்கும் ஒரு தம்பி, "போன் கீழே விழுந்தால் அம்மா வேலை விட்டு வரும்வரை காத்திருக்கிறேன் அக்கா" என்றான். அவனுக்காகத்தான் குட்டி.

செய்தி பரவியதும் வசதியான ஒருவர் வந்தார். முழுச் செலவும் நானே தருகிறேன், நாயின் மேலங்கியில் என் அம்மா பெயரைப் போடுங்கள் என்றார். அம்மா மேல் அவருக்கு இருந்த பாசத்தை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கோயில் டியூப்லைட்டில் எழுதுவதுபோல ஒரு நாயின் முதுகில் உபயம் எழுத முடியுமா? அந்தத் தம்பி கடைக்குப் போனால், சினிமாவுக்குப் போனால், தனக்குத் தானம் கொடுத்தவர் பெயரையும் சேர்த்துக் கூட்டிக்கொண்டு போக வேண்டுமா? வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். கோபித்துக்கொண்டு போனார். மூன்று மாதம் கழித்து அவர் மனைவி 200 ரூபாயோடு வந்து, என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றார். நான் பலர் சேர்ந்து கொடுக்க வேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொல்வது இதற்காகத்தான். 34 பேர் கொடுத்தால் அவன் யாரைப் பார்த்தும் குனிய வேண்டியதில்லை. இது மொய்யும் இல்லை, நோட்டில் எழுதி வைத்துத் திருப்பி வாங்க.

குட்டிக்கு இப்போது 14 மாதம். லேப்ரடார் சேலத்து வெயில் தாங்காது, சித்திரையில் தார் ரோட்டில் வைத்தால் உள்ளங்கால் வெந்துபோகும். அதனால் 1500 மீட்டர் உயரத்தில், ஏற்காட்டில் ஒரு காபித் தோட்டத்து வீட்டில் வளர்கிறது. வாரம் ஒருமுறை விடிகாலையில் 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி வந்து, லீ பஜாரில் மூட்டை இறக்கும் சத்தத்தில் உட்கார்ந்து பழகுகிறது. ஆடியில் கோட்டை மாரியம்மன் திருவிழா மேளத்தைத் தூரத்தில் இருந்து கேட்க வைத்தோம். கொஞ்சம் நடுங்கியது, அப்புறம் படுத்துக்கொண்டது. பெயர் மணி. இங்கே அந்தப் பெயரைத் தெருவில் யாரும் தாராளமாகக் கூப்பிடலாம்.

கணக்கு வைப்பதைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்தேன், நேரம் முடிகிறது என்று கை காட்டுகிறார்கள். சுருக்கமாகச் சொல்கிறேன். பணம் யார் பெயரிலும் தனியாக இருக்கக் கூடாது, இரண்டு பேர் கையெழுத்துப் போட்டால்தான் எடுக்க முடிகிற மாதிரி கணக்கு வையுங்கள். மாதக் கணக்கை எல்லோருக்கும் படித்துக் காட்டுங்கள். குட்டி தேறாமல் போனால் அது எங்கே போகும் என்பதை முதல் நாளே பேசி எழுதிவையுங்கள். நாய் வந்த பிறகும் வசூலை நிறுத்தாதீர்கள், அது பத்து வயது போல வரை வேலை செய்யும், அப்புறம் ஓய்வுக்காலமும் இருக்கிறது. இன்னும் ஒன்று: லீ பஜாரில் மேலங்கி போட்ட ஒரு வெளிர்மஞ்சள் நாயைப் பார்த்தால், தயவுசெய்து பிஸ்கட் போடாதீர்கள், 'மணி' என்று கூப்பிடாதீர்கள். அது பாடம் படித்துக்கொண்டிருக்கிறது. வணக்கம்.