பனிக்காலத்தில் டீசல் வண்டி: முந்தின சாயங்காலமே செய்ய வேண்டியது

நேயர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்று சமவெளியில் சொல்வார்கள். மூணாறு, தேவிகுளம் பக்கம் இருக்கிற நமக்கு மார்கழி பிறந்ததுமே அது ஆரம்பித்துவிடும். செண்டுவாரை, லட்சுமி, கன்னிமலை என்று எந்த எஸ்டேட்டாக இருந்தாலும், சில நாள் விடியற்காலையில் பள்ளத்துப் புல்லெல்லாம் உப்பு தூவியது மாதிரி வெளுத்துக் கிடக்கும். அந்த நேரத்தில் லயத்துக்கு, அதாவது தொழிலாளர் வீட்டு வரிசைக்கு, முன்னால் நிற்கும் ஜீப்பில் செல்ஃப் அடிக்கும் சத்தம் கேட்கும். உர், உர் என்று இழுக்கும், பிடிக்காது. நம் ஊரில் அந்தச் சத்தம் கேட்காதவர் யாரும் இருக்க மாட்டார்கள்.

முப்பது வருஷமாக டீசல் வண்டி வேலை பார்க்கிறேன். ஒரு தை மாத விடியற்காலை இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. பிரசவ வலி எடுத்த ஒரு தங்கச்சியை ஜீப்பில் ஏற்றியாகிவிட்டது, வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. குளிர்ந்த இன்ஜினை உள்ளே சூடாக்கும் நாலு ஹீட்டர் பிளக்கில் ரெண்டு போய்விட்டது என்பது ஒரு வாரமாகவே டிரைவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அடுத்த வாரம் மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டிருந்தோம். மேல் டிவிஷனிலிருந்து வேறு ஜீப் வந்து சேர நாற்பது நிமிஷம் ஆனது. தாயும் பிள்ளையும் நல்லபடியாக வீடு திரும்பினார்கள். ஆனால் அந்த நாற்பது நிமிஷமும் அந்தப் பெண்ணின் அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அதனால்தான் இன்று இதைப் பேச வந்தேன்.

பெட்ரோல் வண்டியில் ஸ்பார்க் பிளக் தீப்பொறி கொடுக்கும். டீசலில் பொறியே கிடையாது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள், சுடும். காற்றை அமுக்கினால் சூடாகும். ருடால்ஃப் டீசல் என்ற ஜெர்மன் பொறியாளர் 1890களில் இந்த ஒரு விஷயத்தை வைத்துத்தான் தன் இன்ஜினைக் கட்டினார். சிலிண்டருக்குள் போகும் காற்றை ஏறக்குறைய இருபதில் ஒரு பங்காக அமுக்கினால் 500 டிகிரிக்கும் மேல் சூடு வரும். அதில் டீசலைப் பீச்சினால் தானாகவே பற்றிக்கொள்ளும்.

பனிக்காலத்தில் இந்தச் சூடு சேர்வதில்லை. ராத்திரி முழுக்கக் குளிர்ந்த இரும்பு, காற்றின் சூட்டை அப்படியே உறிஞ்சிவிடுகிறது. ஆயில் கெட்டியாகிவிட்டதால் இன்ஜின் மெதுவாகச் சுற்றுகிறது. மெதுவாகச் சுற்றினால் அமுக்கிய காற்று பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங் வழியாகக் கசிந்து போக நேரம் கிடைத்துவிடும். போதாததற்கு நாம் இருப்பது கடல் மட்டத்திலிருந்து 1,500 மீட்டர் உயரத்தில். கொச்சியோடு பார்த்தால் இங்கே காற்றழுத்தம் ஆறில் ஒரு பங்கு குறைவு. சிலிண்டரில் அடைபடுகிற காற்றே குறைச்சல்தான்.

இதில் பேட்டரிதான் முதலில் காலை வாரும். உறைநிலைக் குளிரில் பேட்டரி தன் இழுக்கும் பலத்தில் மூன்றில் ஒரு பங்கை இழந்துவிடும். இன்ஜினோ அந்த நேரத்தில்தான் கூடுதல் பலம் கேட்கிறது. கோடையில் தடுமாறாத பழைய பேட்டரி மார்கழியில் படுப்பது இதனால்தான். டெர்மினலில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருப்பதை வெந்நீர் விட்டுக் கழுவி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, இறுக்கிவிடுங்கள். பேட்டரியிலிருந்து பாடிக்கும் இன்ஜினுக்கும் போகும் எர்த் ஒயரையும் பாருங்கள். நல்ல பேட்டரியைக் குறை சொல்லி மாற்றிவிட்டு, எர்த் ஒயரைத் தொடாமல் விட்ட வண்டிகள் என்னிடம் நிறைய வந்திருக்கின்றன.

அடுத்தது ஹீட்டர் பிளக். பழைய பியூஜோ இன்ஜின் ஜீப்புகளில் டீசல் முதலில் ஒரு சின்ன அறைக்குள் போய் அங்கேதான் பற்ற வேண்டும். அந்த அறையின் சுவர் குளிர்ந்திருந்தால் ஹீட்டர் இல்லாமல் வேலை நடக்காது. பின்னால் வந்த டிஐ (டைரக்ட் இன்ஜெக்‌ஷன்) வண்டிகளில் டீசல் நேராக பிஸ்டன் தலையிலேயே விழுவதால் சூடு அவ்வளவு வீணாகாது, சுலபமாகப் பிடிக்கும். உங்களுடையது ஹீட்டர் உள்ள வண்டி என்றால் பனிக்காலத்துக்கு முன்பே ஒவ்வொரு பிளக்கையும் சோதித்துவிடுங்கள். பிளக்குகளை இணைக்கும் பட்டையைக் கழற்றுங்கள். டெஸ்ட் லேம்ப்பின் ஒரு முனையை பேட்டரி பாசிட்டிவிலும், மறு முனையைப் பிளக்கின் தலையிலும் வையுங்கள். லேம்ப் எரியாத பிளக் செத்துவிட்டது. பத்து நிமிஷ வேலைதான். ஒரு பிளக் போனால் ஒரு சிலிண்டர் தாமதமாகப் பிடிக்கும், ரெண்டு போனால் வண்டி ஸ்டார்ட்டே ஆகாது. எங்கள் கதையும் அதுதான்.

சரி, சாயங்கால வேலைக்கு வருகிறேன். வண்டியை எங்கே நிறுத்துகிறீர்கள் என்பது பெரிய விஷயம். குளிர்ந்த காற்று கனமானது, தண்ணீர் மாதிரி பள்ளத்தைத் தேடி இறங்கும். அதனால்தான் ஓடைக்கரைப் புல்வெளியில் உறைபனி பிடிக்கும்போது, கொஞ்சம் மேலே இருக்கிற தேயிலைச் சரிவில் பிடிக்காமல் இருக்கும். மேகம் இல்லாத ராத்திரியில் திறந்த வானத்தைப் பார்த்து நிற்கும் இரும்பு, சுற்றியுள்ள காற்றை விடவும் குளிர்ந்துபோகும். ஷெட் இல்லையென்றால் மரத்தடியிலோ சுவர் ஓரமாகவோ மேட்டில் நிறுத்துங்கள். இன்ஜின் ஆறியபின் பானெட் மேல் கனமான படுதா போடுங்கள். முடிந்தால் சாயங்காலமே டீசல் நிரப்பிவிடுங்கள். டேங்கில் காலி இடம் குறைந்தால் ஈரம் வியர்த்து இறங்குவதும் குறையும். ஃபில்டரின் அடியில் இருக்கும் திருகைத் திறந்து, தேங்கிய தண்ணீரை வடித்துவிடுங்கள்.

டீசல் உறைந்துவிடுமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். டீசலில் மெழுகு இருக்கிறது, கடும் குளிரில் அது திரண்டு ஃபில்டரை அடைக்கும். லடாக்கில் அதுதான் பெரும்பாடு. மைனஸ் 33 டிகிரி வரை ஓடக்கூடிய தனி டீசலை அங்கே 2019இல் கொண்டுவந்தார்கள். நம் மலையில் விடியும் முன் சில மணி நேரம்தான் உறைநிலைக் குளிர். ஒரு டேங்க் டீசல் அதற்குள் அவ்வளவு ஆறிவிடாது. நம் பிரச்சினை பெரும்பாலும் தண்ணீரும் அழுக்கு ஃபில்டரும்தான். ரேடியேட்டரில் மட்டும் வெறும் தண்ணீர் வேண்டாம். உறையும் தண்ணீர் ஒன்பது சதவீதம் பெருக்கும், இரும்பையே பிளந்துவிடும். குளிரில் உறையாத கூலன்ட் ஊற்றுங்கள். ஆயிலில் 20W-40க்குப் பதில், உங்கள் வண்டிப் புத்தகம் அனுமதித்தால், 15W-40 போடுங்கள். குளிரில் அது சீக்கிரம் இளகி ஓடும்.

காலையில் லைட்டையெல்லாம் அணைத்துவிட்டு, கிளட்சை முழுக்க மிதித்துக்கொண்டு செல்ஃப் அடியுங்கள். கியர் பாக்ஸில் கெட்டியாகிக் கிடக்கும் ஆயிலையும் சேர்த்துச் சுற்றும் பாரம் அப்போது செல்ஃபுக்கு இருக்காது. ஹீட்டரைப் பழைய வண்டியில் பதினைந்து இருபது வினாடி பிடியுங்கள், புது வண்டியில் டேஷ்போர்டில் எரியும் சுருள் விளக்கு அணையும் வரை பொறுங்கள். பத்து வினாடிக்கு மேல் ஒரே இழுவையாக இழுக்க வேண்டாம். பிடிக்கவில்லையென்றால் ஒரு நிமிஷம் விட்டு மறுபடி ஹீட்டர் போடுங்கள். புகைக்குழாயில் வெள்ளைப் புகை வந்தால் டீசல் போகிறது, சூடுதான் போதவில்லை. புகையே இல்லையென்றால் டீசலே வரவில்லை, டீசல் குழாயில் ஏர் பிடித்திருக்கும். பேட்டரியைத் தீர்க்காமல் முதலில் ஏரை எடுங்கள்.

அண்ணன் தம்பிகளே, சில காரியங்களை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். ஆயில் சம்ப்புக்கு, அதாவது இன்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டிக்கு, அடியில் கரி நெருப்பு வைப்பதை இன்றும் பார்க்கிறேன். கசிந்த ஆயில் ஒரு சொட்டு போதும், வண்டியோடு லயமும் எரியும். கொதிக்கிற தண்ணீரை இன்ஜின் மேல் ஊற்றாதீர்கள், வார்ப்பில் விரிசல் விழும். ஹீட்டர் பிளக் உள்ள வண்டியில் ஸ்டார்ட்டிங் ஸ்ப்ரே அடிக்கவே கூடாது. பிளக்கின் முனை 800 டிகிரிக்கு மேல் சிவந்திருக்கும். ஸ்ப்ரே நேரம் தவறி வெடித்து, ரிங்கையும் பிஸ்டனையும் உடைத்துவிடும்.

அப்புறம் இறக்கத்தில் நிறுத்தி உருட்டி ஸ்டார்ட் செய்வது. நம் மலையில் இது பழக்கமாகவே ஆகிவிட்டது. இன்ஜின் ஓடாத வண்டியில், பிரேக் மிதியை இலகுவாக்கும் பூஸ்டர் ரெண்டு மூன்று மிதியோடு செத்துவிடும், அதன்பின் பிரேக் கல்லாக இறுகும். பவர் ஸ்டீயரிங் இருந்தால் அதுவும் திரும்பாது. கீழே ஹேர்பின் வளைவு, புல்லில் உறைபனி, வண்டிக்குள் கொழுந்து எடுக்கப் போகும் பெண்கள். உருட்டித்தான் ஆக வேண்டும் என்றால் முதலில் எல்லோரையும் இறக்கிவிடுங்கள். நீளமான சமதளம் இருக்கிற இடத்தில் மட்டும் செய்யுங்கள். அன்றைக்கே வண்டியை மெக்கானிக்கிடம் கொண்டுபோங்கள்.

வணக்கம்.