ஏப்ரல் வரவு டிசம்பருக்குப் போனது எப்படி?

[திரையில்: எக்செல்லில் திறந்த ஒரு பேங்க் ஸ்டேட்மென்ட், சிஎஸ்வி ஃபைல் (கமா போட்டுப் பிரித்த வெறும் எழுத்து ஃபைல்)]

இந்தத் தேதிப் பத்தியைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். 2024 ஏப்ரல் மாதம், நாளுக்கு ஒரு வரி. முதல் பன்னிரண்டு தேதிகள் கட்டத்தின் வலப்பக்கம் ஒட்டி நிற்கின்றன. பதிமூன்றிலிருந்து எல்லாம் இடப்பக்கம். அலைன்மென்டை யாரும் தொடவில்லை.

ஃபைலில் நாள் முதலில், மாதம் அப்புறம். ஆனால் இந்தக் கம்ப்யூட்டரின் ரீஜனல் ஃபார்மட், அதாவது தேதி எழுதும் முறை, அமெரிக்காவுடையது. அங்கே மாதம்தான் முதலில். அதனால் 01/04 என்பது ஜனவரி 4 ஆகிவிட்டது. 12/04, டிசம்பர் 4. அடுத்து 13/04 வருகிறது. பதிமூன்றாம் மாதம் ஏது? எக்செல் அதைத் தேதியாக எடுக்காமல் வெறும் எழுத்தாக விட்டுவிடுகிறது. எண் என்றால் வலப்பக்கம், எழுத்து என்றால் இடப்பக்கம் என்பது அதன் வழக்கம்.

இடப்பக்கம் நிற்கும் வரிகளைப் பார்த்துத்தான் எல்லோரும் பதறுவார்கள். அவை பாவம், தப்பு என்று தாங்களே காட்டிக்கொடுக்கின்றன. வினை இருப்பது மேலே உள்ள பன்னிரண்டில். எரர் எதுவும் வராது.

[திரையில்: மாதவாரி பிவட் டேபிள்]

இதோ, மாதவாரியாகப் பிரித்தால் ஏப்ரலில் ஒரே ஒரு வரி. அது 04/04, எந்தப் பக்கம் படித்தாலும் ஒன்றுதான் என்பதால் தப்பித்தது. இதைக் கவனிக்காமல், ஏப்ரலில் வந்த பணத்துக்கு டிசம்பரிலிருந்து வட்டி போட்டு நானே ஒருமுறை அசடு வழிந்திருக்கிறேன்.

சரி, ஃபார்மட் செல்ஸில் போய் தேதியை மாற்றினால்? மாறாது. எக்செல்லுக்குத் தேதி என்பது ஒரு எண். 1900 ஜனவரி 1 என்றால் 1. 2024 ஏப்ரல் 1 என்றால் 45383. நம் கட்டத்தில் இப்போது உட்கார்ந்திருப்பதோ 45295, அதாவது ஜனவரி 4. ஃபார்மட் மாற்றினால் சட்டை மாறும், ஆள் அதேதான்.

ஆகவே ஒட்டுப்போட வேண்டாம். சேவ் செய்யாமல் மூடுங்கள். ஃபார்மட்டை மாற்றிவிட்டு சேவ் செய்தால் மூல ஃபைலும் கெட்டுவிடலாம்; அப்புறம் பேங்க் தளத்திலிருந்து மறுபடி இறக்கத்தான் வேண்டும்.

[திரையில்: விண்டோஸ் 11 செட்டிங்ஸ்]

டைம் அண்ட் லாங்குவேஜ், அதற்குள் லாங்குவேஜ் அண்ட் ரீஜன். இங்கே கன்ட்ரி ஆர் ரீஜன் என்ற இடத்தில் இந்தியா என்று இருப்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள். தேதியை அது தீர்மானிப்பதில்லை. அதற்குக் கீழே உள்ள ரீஜனல் ஃபார்மட்தான் தீர்மானிக்கிறது. அதை இங்கிலீஷ் இந்தியா ஆக்குங்கள். எக்செல்லை மூடித் திறந்துவிட்டு, ஃபைலைப் புதிதாகத் திறங்கள்.

ஆபீஸ் கம்ப்யூட்டர், செட்டிங் மாற்ற அனுமதி இல்லை என்றால், ஃபைல் பெயரின் கடைசியில் சிஎஸ்வி இருக்கும் இடத்தில் டிஎக்ஸ்டி என்று மாற்றி, எக்செல்லுக்குள்ளிருந்து திறங்கள். டெக்ஸ்ட் இம்போர்ட் விசார்ட் வரும். மூன்றாவது படியில் தேதிப் பத்தியைத் தேர்ந்தெடுத்து, டேட் என்பதில் டிஎம்ஒய், அதாவது நாள், மாதம், ஆண்டு.

இன்னொரு தொல்லை. ‘என் கம்ப்யூட்டரில் எல்லாம் சரி, சர்வரில் ஓடும் பில்லிங் சாஃப்ட்வேர் மட்டும் தேதியைப் புரட்டுகிறது’ என்பார்கள். நீங்கள் மாற்றியது உங்கள் லாகினுக்கு மட்டும். சர்வீஸாக, அதாவது யாரும் லாகின் செய்யாமலே பின்னணியில், ஓடும் சாஃப்ட்வேர் பெரும்பாலும் வேறு அக்கவுண்டில் ஓடும். சர்வரிலும் உங்கள் லாகினில் ரீஜனல் ஃபார்மட்டை முதலில் மாற்றிவிட்டு, கன்ட்ரோல் பேனல், ரீஜன், அட்மினிஸ்ட்ரேடிவ் டேப், காப்பி செட்டிங்ஸ். வெல்கம் ஸ்கிரீன் அண்ட் சிஸ்டம் அக்கவுண்ட்ஸ் என்ற கட்டத்தில் டிக் போட்டு ஓகே கொடுங்கள். ரீஸ்டார்ட் கேட்கும், பில் போடுபவர்களிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.