‘பீப்’ ஒலித்தால் வயர் நலமா? சேற்றில் இறங்கிய பைக்கை நான்கு நாள் கழித்துப் படுக்க வைக்கும் கோளாறு

வணக்கம். முழங்கால் அளவு நீரையும் சேற்றையும் கடந்து, வீடு வரை ஒரு குறையுமின்றி ஓடிவந்த பைக், நான்காம் நாள் காலையில் ஸ்டார்ட்டரை அழுத்தியதும் ‘டக்’ என்ற ஒரே ஒலியோடு நின்றுவிடுகிறது. அன்று வராத கோளாறு, எல்லாம் காய்ந்த பிறகு எங்கிருந்து வந்தது?

அதற்கு முன் ஓர் எச்சரிக்கை. ஏர் ஃபில்டர் வரை நீர் ஏறியிருந்தால் ஸ்டார்ட்டரைத் தொடவே கூடாது. என்ஜினுக்குள் புகுந்த நீரை அழுத்திச் சுருக்க முடியாது என்பதால், பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடே வளைந்துவிடக்கூடும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி நீரை வெளியேற்றுவதே முதல் வேலை.

அடுத்தது பேட்டரி. ஓய்வில் ஏறத்தாழ 12.6 வோல்ட் இருந்தால் நிறைவு, 12.2 என்றால் பாதிதான். அதில் குறையில்லை என்றால், நான் விரும்பிப் பேசும் இடத்துக்கு வந்துவிட்டோம்: வயர்களை ஒன்றோடொன்று இணைக்கும் பிளாஸ்டிக் கனெக்டர்.

கனெக்டர் மூச்சு விடுகிறது என்றால் சிரிப்பீர்கள். என்ஜினுக்கு அருகில் 80 டிகிரி வரை சூடேறிய கனெக்டர் திடீரென்று 25 டிகிரி நீரில் மூழ்கும்போது, உள்ளே அடைபட்ட காற்றின் அழுத்தம் ஏறத்தாழ 15 சதவீதம் குறைகிறது. ரப்பர் சீல் சற்றே தளர்ந்திருந்தாலும், அந்த இடைவெளி வழியே சேற்றுநீர் உள்ளே உறிஞ்சப்படுகிறது. போதாக்குறைக்கு, விளக்குத் திரி எண்ணெயை இழுப்பது போல வயரின் செம்பு இழைகளும் நீரை இழுத்துக்கொள்கின்றன. தூய நீர் மின்சாரத்தை அரிதாகவே கடத்தும். மண்ணின் உப்புகள் கரைந்த நீரோ நன்றாகக் கடத்தும். எப்போதும் மின்னழுத்தம் இருக்கும் நேர்முனைப் பின்னை அது நாள்கணக்கில் அரிக்க, செம்பில் பச்சைக் களிம்பு பூக்கிறது. நான்கு நாள் தாமதத்துக்கு இதுவே காரணம்.

வயர் அறுபடாமல் இருக்கிறதா என்று பார்க்கும்போது மல்டிமீட்டர் எழுப்பும் ‘பீப்’ ஒலி, இந்தக் களிம்பைக் காட்டிக்கொடுக்காது. பல மீட்டர்கள் சில பத்து ஓம் மின்தடை இருந்தாலும் தாராள மனதோடு ஒலிக்கும். ஆனால் 35 வாட் ஹெட்லைட்டின் பாதையில் 1 ஓம் சேர்ந்தாலே ஏறத்தாழ இரண்டரை வோல்ட் வீணாகிறது. ஆறு வாட் அளவு வெப்பம் அந்தக் கனெக்டரிலேயே இறங்கி, பிளாஸ்டிக்கை உருக்கத் தொடங்குகிறது. ஸ்டார்ட்டர் 100 ஆம்பியர் இழுக்கிறது என்று கொண்டால், ஓமில் நூறில் ஒரு பங்கு மின்தடையே 1 வோல்ட்டை விழுங்கிவிடும். அவ்வளவு சிறிய மின்தடையைச் சாதாரண மீட்டரால் நேரடியாக அளக்கவே முடியாது.

ஆகவே, மின்னோட்டம் பாயும்போதே இழப்பை அளக்க வேண்டும். பைக்கை நியூட்ரலில் வைத்து, மீட்டரை டி.சி. வோல்ட்டில் அமைத்து, சிவப்பு முனையை என்ஜினின் பெயிண்ட் இல்லாத உலோகத்திலும் கறுப்பு முனையைப் பேட்டரியின் எதிர்முனையிலும் வைத்துக்கொண்டு, நண்பரை ஸ்டார்ட்டரை அழுத்தச் சொல்லுங்கள். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் எர்த், அதாவது என்ஜினிலிருந்து பேட்டரியின் எதிர்முனைக்குத் திரும்பும் பாதை, நலம்; அரை வோல்ட்டைத் தாண்டினால், சேற்றுக்கு அடியில் மறைந்திருக்கும் எர்த் போல்ட்டைக் கழற்றித் தேய்க்க வேண்டும். இரண்டே நிமிடச் சோதனை இது. இதைச் செய்யாமல் புதுப் பேட்டரி வாங்கும் நண்பர் உங்களுக்கு இருந்தால், அவர் கடைக்குக் கிளம்புவதற்குள் இந்த வீடியோவை அனுப்பிவிடுங்கள்.

களிம்பு பிடித்த பின்களைக் கான்டாக்ட் கிளீனரால் கழுவி, முழுதாகக் காயவைத்து, சீலின் மீது டைஎலக்ட்ரிக் கிரீஸ் மெல்லிதாகப் பூசினால் போதும். கரண்டியால் அள்ளி அப்புவதை நான் ஆதரிப்பதில்லை. அது மின்சாரத்தைக் கடத்தும் பொருளன்று.

பேட்டரிக்கு ஏறும் மின்னழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரின் தகடுகளுக்கிடையே காய்ந்த சேற்றை அகற்ற மறக்காதீர்கள்; வெப்பம் வெளியேறாவிட்டால் அது பழுதாகிவிடும். பியூஸ் மீண்டும் மீண்டும் எரிந்தால் பெரிய பியூஸ் போடுவது வயரையே பியூஸாக மாற்றும் வேலை.

கியர் போட்டவுடன் மட்டும் என்ஜின் அணைகிறதா? இவ்வளவு நேரம் நான் சொன்ன எதையும் கழற்றாமல், முதலில் குனிந்து, ஸ்டாண்டு இறங்கியிருந்தால் என்ஜினை அணைக்கும் சைடு ஸ்டாண்டு சுவிட்சில் அப்பியிருக்கும் சேற்றைப் பாருங்கள்.