தொண்டியில இருந்து தனுஷ்கோடிக்கு வெறுங்கால் நடை: கால் பழகுமா?

சரி, அடுத்த கேள்வி. கோயம்புத்தூர்ல இருந்து ஒரு தம்பி கேட்டிருக்காரு. "அண்ணே, அமெரிக்காவுல அப்பலாச்சியன் பாதையை அக்கா தங்கச்சி ரெண்டு பேரு செருப்பில்லாம நடந்தாங்கன்னு படிச்சேன். அதே மாதிரி தொண்டியில இருந்து தனுஷ்கோடி வரைக்கும் கடலோரமா வெறுங்கால்ல நடக்கணும்னு ஆசை. தோல் தடிச்சிட்டா போதும்தானே? ஒரு மாசத்துல பழகிருமா?"

நடக்கலாம் தம்பி. ஆனா ஒரு மாசத்துல வேணாம். தோலை மட்டும் நம்பியும் வராதீங்க.

தோலு சீக்கிரம் பழகிரும், அது உண்மை. கென்யாவுல வெறுங்கால்ல நடந்து பழகினவங்க காலைச் சோதிச்சு 2019-ல ஒரு ஆய்வு வந்துச்சு. பாதம் காய்ச்சுப்போயி தடிச்சிருந்தாலும் தரையை உணர்றது அவங்களுக்குக் குறையலையாம். நல்ல சேதிதான். ஆனா தோலுக்கு உள்ள இருக்கு பாருங்க, விரலுக்குப் பின்னாடி நீள நீளமா அஞ்சு எலும்பு, அதைச் சுத்தி சின்னச் சின்னத் தசை. இத்தனை வருசம் உடம்புப் பாரத்தைத் தாங்குற வேலையில ஒரு பங்கைச் செருப்பு செஞ்சுக்கிட்டு இருந்துச்சு. திடீர்னு எல்லாத்தையும் எலும்பு மேல போட்டா தாங்காது. 2013-ல இன்னொரு ஆய்வு. மெல்லிசான அடிப்பாகம் உள்ள காலணிக்குப் பத்து வாரத்துல மாறின ஓட்டக்காரங்கள்ல பாதிக்கு மேல எலும்புக்குள்ள நீர் கோத்திருந்துச்சு. ஓடுறது வேற, நடக்கிறது வேற, ஒத்துக்கிறேன். ஆனா நீங்க மூட்டை வேற தூக்கப் போறீங்கல்ல? ஆறு மாசம் வச்சுக்கங்க. முதல்ல தினம் அரை மணி நேரம். மறுநாள் பாதத்து மேல்பக்கம் அமுக்குனா வலிக்குதா, அன்னைக்கு நடக்காதீங்க.

அந்த அக்கா தங்கச்சி 2000-ல மெய்ன் மாநிலத்துல கிளம்பி ஜார்ஜியா நோக்கி நடந்தவங்க. ஏறக்குறைய 3,500 கிலோமீட்டர். பனி கொட்டினப்ப அவங்களும் காலுக்குப் போட்டுக்கிட்டாங்க, அதை மறந்துராதீங்க. அந்தப் பாதைக்கு அங்க 'பச்சைச் சுரங்கம்'னே பேரு. முழுக்க மரநிழல், காலுக்குக் கீழ மக்கின இலை, ஈர மண்ணு. நம்மகிட்ட நிழல் எங்க இருக்கு? பனை இருக்கு, உடைமரம் இருக்கு. பனை நிழல்ல ஒரு ஆளு நிக்கலாம், அவ்வளவுதான். உடைமரத்தடிக்குப் போனா முள்ளுதான் முதல்ல வரவேற்கும்.

நான் மொத தடவை தேவிபட்டினம் நவபாஷாணத்துக்கிட்ட இருந்து வடக்காம கிளம்பினேன். காலையில அருமையா இருந்துச்சு. பத்தரை மணிக்கு மேல காய்ஞ்ச மணல்ல கால் வைக்க முடியலை. சரி, தார் ரோட்டுக்கு ஏறிடுவோம்னு கிழக்குக் கடற்கரைச் சாலைக்கு வந்தேன். அது அதைவிட மோசம். தாரு சூட்டை வாங்கி வச்சுக்கிட்டே இருக்கும், திருப்பிக் கொடுத்துக்கிட்டே இருக்கும். சாயங்காலம் ரெண்டு உள்ளங்காலும் கொப்புளம். ரெண்டு நாள் நடை போச்சு. அதனால சொல்றேன், விடியக்காலை அஞ்சுல இருந்து ஒம்பதரை வரைக்கும், அப்புறம் நாலரைக்கு மேல. நடுப்பகல்ல உக்காந்துருங்க. பாம்பன் பாலம் ரெண்டு கிலோமீட்டருக்கு மேல, ஒதுங்க இடமே கிடையாது. அதை விடியும்போதே தாண்டிருங்க.

ஈர மணல்ல நடந்தா சுடாதேன்னு தோணும். சுடாதுதான். ஆனா அலை வந்து போற இடம் சரிவா இருக்கும். தொண்டியில இருந்து தெக்காம வரும்போது கடல் உங்களுக்கு இடது பக்கம். நாள் முழுக்க இடது கால் கீழ, வலது கால் மேல. மூணாவது நாள் இடுப்பு சொல்லும். கொஞ்சம் சமமான இடமாப் பார்த்து, மணலும் மேட்டுப் பாதையுமா மாத்தி மாத்தி நடங்க.

அப்புறம் சேறு. முள்ளிமுனை, காரங்காடு பக்கம் அலையாத்திக் காடு. அந்த மரத்தோட மூச்சுவேரு சேத்துக்குள்ள இருந்து குச்சி குச்சியா நீட்டிக்கிட்டு நிக்கும். சேத்துக்குள்ள சிப்பி ஓடு பிளேடு மாதிரி கிடக்கும், கண்ணுக்கே தெரியாது. அந்த இடத்துல வெறுங்கால் வேணாம். சுத்திக்கிட்டு ரோட்டு வழியா வாங்க, வெக்கமே இல்லை. பாம்பன் சின்னப்பாலத்துல பாசி எடுக்கப் போற அக்காமாரைப் பாருங்க. சின்ன வயசுல இருந்து கடலுக்குள்ள இறங்குறவங்க. விரலுக்குத் துணி சுத்திக்கிட்டு, காலுக்கு ரப்பர் செருப்பு மாட்டிக்கிட்டுத்தான் பாறைக்குப் போவாங்க. அவங்களுக்குத் தெரியாத கடலா நமக்குத் தெரியும்?

மீன் இறக்குற கரையில கெளுத்தி முள்ளு, அறுந்த தூண்டில் முள்ளு கிடக்கும். அங்கயும் செருப்பு. முழங்கால் தண்ணியில நடந்தா காலைத் தூக்கி வைக்காம மணலைத் தேய்ச்சுக்கிட்டே போங்க, திருக்கை படுத்திருந்தா விலகிப் போயிரும். குத்திருச்சுன்னா பொறுக்கிற சூட்டுல வெந்நீர்ல காலை வச்சுக்கிட்டே ஆஸ்பத்திரிக்கு ஆள் பாருங்க. அந்த விஷத்துக்குச் சூடு ஆகாது, வலி குறையும். கிளம்புறதுக்கு முன்னாடி டி.டி. ஊசி, அதான் டெட்டனஸ் வராம இருக்கப் போடுற ஊசி, போட்டாச்சான்னு பார்த்துக்கங்க. ஊருக்கு ஒதுக்குப்புறமா மலம் கழிக்கிற இடத்துல ஈரமண்ணை மிதிக்காதீங்க, கொக்கிப்புழு பாதத்துத் தோல் வழியாவே உள்ள போகும்.

ஒண்ணு கண்டிப்பாச் சொல்லணும். சர்க்கரை நோய் இருக்கிறவங்க, கால் மரத்துப்போறவங்க இதை முயற்சி பண்ணவே கூடாது. வேண்டுதல்னாலும் சரி. முள்ளு ஏறினதே தெரியாது, புண்ணு பழுத்த பிறகுதான் தெரியும். அப்படி விரலை இழந்தவங்களை எங்க தெருவுலயே பார்த்திருக்கேன்.

பையில என்னென்ன? செருப்பு ஒரு ஜோடி, கூரான இடுக்கி, ஊசி, முள்ளு பார்க்க சின்ன டார்ச், புண்ணு கழுவ நல்ல தண்ணி தனியா ஒரு பாட்டில். ராத்திரி கரையில தனியா நடக்காதீங்க, இலங்கை பக்கம்கிறதால கடலோரக் காவல் போலீஸ் நிறுத்திக் கேப்பாங்க. ஆதார் கையில இருக்கட்டும், தங்குற ஊர்ல நாலு பேருகிட்ட சொல்லி வைங்க.

கடைசி நாளுக்கு முகுந்தராயர் சத்திரத்துல இருந்து அரிச்சல்முனை, ஒம்பதரை கிலோமீட்டர். ரோடு இருக்கு, ஆனா நீங்க ரோட்டுல போகாதீங்க. காலையில வெயில் ஏறுறதுக்குள்ள மணல்ல இறங்கிருங்க. ஒரு பக்கம் பெண்கடல், அமைதியா இருக்குற கடலை அப்படிச் சொல்லுவாங்க. இன்னொரு பக்கம் ஆண்கடல், அலை அடிக்கிற கடல். ஆண்கடல் பக்கம் அலை இழுக்கும், பார்த்து நில்லுங்க. 1964 புயல்ல போன ஊரோட சுவரைத் தாண்டி நடப்பீங்க. அங்க கல்லும் பவளத்துண்டும் கிடக்கும், அந்த ஒரு இடத்துல மட்டும் செருப்பை மாட்டிக்கங்க. அப்புறம் கழட்டிக்கலாம்.