நண்பகலுக்கு என்ன வழி?

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எதிரணியில் வழக்காடிய நண்பர்களே, அவையோரே, அனைவருக்கும் வணக்கம்.

"கோடை விடுமுறைக்குக் கடலோர ஊரைத் தேர்ந்தெடுக்கும் குடும்பம் முதலில் பார்க்க வேண்டியது கடலின் அழகையா, கடலை ஒட்டிய பொழுதுபோக்கு இடங்களையா?" என்பது இன்றைய வழக்கு. பொழுதுபோக்கு இடங்களைத்தான் என்பது எங்கள் அணியின் கட்சி. எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர் தனுஷ்கோடியைச் சான்றாக எடுத்து வைத்தார். அரிச்சல்முனையில் நின்றால் ஒரு பக்கம் அமைதியான பெண்கடல், மறுபக்கம் அலையடிக்கும் ஆண்கடல், இதற்கு மேல் ஒரு குடும்பத்திற்கு என்ன வேண்டும் என்று கேட்டார். அந்த அழகை நான் மறுக்கவில்லை. 1964 டிசம்பர் புயலில் அழிந்த அந்த ஊரின் இடிந்த தேவாலயத்தின் முன் நின்று கண் கலங்கியவர்களில் நானும் ஒருவன். ஆனால் எத்தனை மணிக்கு அங்கே நின்றோம், எத்தனை மணிக்குத் திரும்பினோம் என்பதை எதிரணித் தலைவர் சொல்லாமல் விட்டுவிட்டார். என் வழக்கு அந்த மணிக்கணக்கில்தான் இருக்கிறது.

மே மாதத்தில் நம் கிழக்குக் கரையில் ஐந்தே முக்கால் மணி அளவில் சூரியன் எழுகிறது. எட்டு மணிக்குள் மணல் சூடேறிவிடுகிறது. அதன்பின் பிள்ளைகளை வெறுங்காலோடு மணலில் விட முடியாது. மாலை நான்கரை மணிக்கு மேல்தான் மறுபடியும் கரையில் கால் வைக்க முடியும். ஆறரை மணிக்கு இருட்டிவிடும். ஆக, பார்க்கப் போன கடலோடு ஒரு குடும்பம் உண்மையில் இருக்கப்போவது நாளொன்றுக்கு நாலேகால் மணி நேரம். இடையில் கிடக்கும் எட்டரை மணி நேரத்தை என்ன செய்வது என்று முன்கூட்டியே யோசித்த குடும்பத்திற்கு விடுமுறை இனிக்கிறது, யோசிக்காத குடும்பத்திற்கு முதல் நாளே கசந்துவிடுகிறது.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். சில ஆண்டுகளுக்கு முன், கடலைத் தவிர வேறொன்றும் இல்லாத ஒரு கரையோரத்தில், அந்த அமைதிக்காகவே ஒரு வீட்டை மூன்று நாள் வாடகைக்கு எடுத்தோம். முதல் நாள் காலை சொர்க்கம். பதினொரு மணிக்கு மின்சாரம் போயிற்று. ஓட்டு வீட்டுக்குள் புழுங்க முடியாமல் என் தாயார் முந்தானையால் விசிறிக்கொண்டு திண்ணையிலேயே உட்கார்ந்துவிட்டார். பிள்ளைகள் இருவரும் ஒரு கைப்பேசிக்காகச் சண்டையிட்டார்கள். கடல் முன்னால்தான் இருந்தது. ஆனால் அதைப் பார்க்கக்கூட முடியாதபடி கண் கூசியது. இரண்டாம் நாள் மாலையே ஊர் திரும்பிவிட்டோம்.

அடுத்த ஆண்டு முத்துக்காட்டிலிருந்து மாமல்லபுரம் வரையிலான கரையைத் தேர்ந்தெடுத்தோம். நடுவர் அவர்களே, ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தூரத்திற்குள் அங்கே என்னவெல்லாம் இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். முத்துக்காட்டில் 1984 முதல் படகுக் குழாம் இருக்கிறது. அதை அடுத்தே, தென்னிந்திய மாநிலங்களின் பழைய வீடுகளைப் பிரித்து எடுத்து வந்து மீண்டும் எழுப்பி வைத்திருக்கும் தட்சிணசித்ரா இருக்கிறது, 1996இல் திறக்கப்பட்டது. மூட்டுவலியால் கடல் மணலில் பத்தடி நடக்க முடியாத என் தாயார், அங்கே செட்டிநாட்டு வீட்டுத் திண்ணையில் தூணில் சாய்ந்து உட்கார்ந்து, தம் பிறந்த வீட்டு முற்றத்தில் மழைநீர் பிடித்த கதையைப் பேரப்பிள்ளைகளுக்கு ஒரு மணி நேரம் சொன்னார். கடலின் அழகு மட்டும் இருந்த ஊரில் அவருக்கு இடமே இருக்கவில்லை என்பதை அன்றுதான் உணர்ந்தேன்.

தெற்கே வந்தால் வடநெம்மேலியில் முதலைப் பண்ணை. ரோமுலஸ் விட்டேக்கர் 1976இல் தொடங்கிய இடம். வெயிலில் முதலைகள் வாயைப் பிளந்தபடி அசையாமல் கிடக்கும். கடிக்கக் காத்திருப்பதாகப் பிள்ளைகள் நினைப்பார்கள். உடல் சூட்டைத் தணித்துக்கொள்ளவே அப்படிக் கிடக்கிறது என்று சொன்னால் கம்பியை விட்டு நகர மாட்டார்கள். அதே வளாகத்தில் இருளர்களின் பாம்புப் பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது, 1978இல் தொடங்கியது. துணியால் வாய் கட்டிய மண்பானைகளுக்குள் பாம்புகளை வைத்திருக்கிறார்கள். கட்டை அவிழ்த்துக் கோலால் பாம்பை வெளியே எடுத்து, கண்ணாடிக் குப்பியின் வாயில் கட்டிய மெல்லிய சவ்வின் மேல் அதைக் கடிக்க வைப்பார்கள். மஞ்சள் நிறத்தில் ஒரு துளி, பிறகு இன்னொரு துளி உள்ளே வழியும். பாம்புக்கடிக்கு நம் மருத்துவமனைகளில் போடும் மாற்று மருந்து இந்தத் துளியிலிருந்துதான் தொடங்குகிறது என்று கேட்டதும் என் பத்து வயது மகள் பாம்பைப் பிடித்திருந்த முதியவரின் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். வீடு திரும்பிய பிறகும் அலையைப் பற்றி அவள் பேசவில்லை, அந்தக் கைகளைப் பற்றித்தான் பேசினாள்.

மாமல்லபுரத்தைப் பற்றி நான் விரித்துச் சொல்லத் தேவையில்லை. 1984 முதல் உலகப் பாரம்பரியச் சின்னம். ஒன்றை மட்டும் சொல்கிறேன். அர்ச்சுனன் தபசுப் பாறையின் முன் பிள்ளைகளை நிறுத்தி, பின்னங்கால்களில் நின்று தவம் செய்யும் பூனை எங்கே, அதைச் சுற்றியுள்ள எலிகள் எங்கே, காலால் மூக்கைச் சொறியும் மான் எங்கே என்று தேடச் சொல்லுங்கள். அரை மணி நேரம் போவதே தெரியாது. எதிரணிச் சகோதரி, பொழுதுபோக்கு இடம் என்றாலே நுழைவுச் சீட்டும் செலவும்தான் என்றார். இந்தப் பாறையைச் சாலையில் நின்றபடியே, ஒரு காசு கொடுக்காமல் பார்க்கலாம்.

அதே சகோதரி, கரையில் இறங்கும் மீனை வாங்கிச் சமைத்து உண்பதே கடலோர விடுமுறையின் இன்பம் என்றும் சொன்னார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள்கள், நம் கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம் என்பதை அவருக்கு அன்போடு நினைவூட்டுகிறேன். பள்ளி விடுமுறை முழுவதும் அந்தத் தடைக்குள்தான் வருகிறது. நாட்டுப் படகுகள் கொண்டு வருவது கொஞ்சம், விலையோ அதிகம்.

இனி நான் சொல்லப்போவது என் மனத்தை மிகவும் அழுத்துவது. வேறு போக்கிடம் இல்லாத கடற்கரையில் பிள்ளைகள் என்ன செய்வார்கள்? தண்ணீரில் இறங்குவார்கள், இறங்கியவர்கள் ஏற மாட்டார்கள். நம் கடல் பல இடங்களில் குளிப்பதற்கு ஏற்றதே அல்ல. மாமல்லபுரம் கடற்கரைக் கோயில் அருகே பாறைகளும் உள்ளிழுக்கும் நீரோட்டமும் இருக்கின்றன. காற்றே இல்லாத நாளிலும், தொலைதூரத் தென்கடலில் பிறந்த பேரலை திடீரெனக் கரையேறுவதைத் தென்கோடி மீனவர்கள் கள்ளக்கடல் என்கிறார்கள். 2024 மே மாதம் கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரை ஒன்றில் மருத்துவம் பயின்ற இளைஞர்கள் ஐவரை அந்த அலை கொண்டுபோயிற்று. ஆகவே கடலில் இறங்கும் நேரத்தைக் குறைக்கவும், இறங்கும் இடத்தைப் பார்த்து எடுக்கவும் வேண்டும். முத்துக்காட்டுக்கும் மாமல்லபுரத்துக்கும் இடையில் உள்ள கோவளம் கடற்கரைக்கு, தூய்மையும் பாதுகாப்பும் உள்ள கடற்கரைகளுக்கு வழங்கும் பன்னாட்டு நீலக்கொடிச் சான்று 2021இல் கிடைத்தது. தூய்மையான தண்ணீர், உயிர்காப்பு ஏற்பாடு, கழிப்பறை வசதி இருந்தால்தான் அந்தக் கொடி ஏறும். கரையின் அழகைப் பார்த்து அதைக் கொடுப்பதில்லை. தண்ணீர் எப்படி இருக்கிறது, கரையில் என்ன வசதி இருக்கிறது என்று பார்த்தே கொடுக்கிறார்கள்.

"அப்படியானால் கடலையே வேண்டாம் என்கிறீர்களா?" என்று எதிரணித் தலைவர் கேட்கக்கூடும். வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. கடலை ஒட்டிய இடங்கள் கடலின் அழகைக் கூட்டுகின்றன என்கிறேன். மாமல்லபுரத்துக்கு வடக்கே சாளுவன்குப்பத்தில், பல்லவர் காலப் புலிக்குகையிலிருந்து நடந்துபோகும் தொலைவில், மணலுக்கடியில் ஒரு முருகன் கோயில் கிடந்தது. 2004 ஆழிப்பேரலை மணலை அரித்துச் சென்று கல்வெட்டுள்ள பாறையை வெளிக்காட்டிய பிறகு, 2005இல் தொல்லியல் துறையினர் அகழ்ந்து அதை வெளிக்கொணர்ந்தார்கள். அதன் அடித்தளத்தில் பழைய செங்கல் கட்டுமானம் இருக்கிறது. நாங்கள் பகலில் அந்தச் செங்கல் வரிசைகளைப் பார்த்துவிட்டு மாலையில் கரைக்கு வந்தோம். என் மகன் அலையில் இறங்கவில்லை. ஈர மணலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒரு கிளிஞ்சலால் தோண்டிக்கொண்டே, "அப்பா, இதுக்கு அடியிலயும் ஏதாவது இருக்குமா?" என்று கேட்டான். என் தாயாரும் அன்று மணலில் பத்தடி நடந்து வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தார். அன்றுதான் நாங்கள் நால்வரும் இருட்டும் வரை கடலைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

நடுவர் அவர்களே, அந்த எட்டரை மணி நேரத்தைக் கணக்கில் எடுத்துத் தீர்ப்பு வழங்குமாறு எங்கள் அணியின் சார்பில் கேட்டுக்கொள்கிறேன். நன்றி, வணக்கம்.